சிறப்புக் கல்வியும் அரசின் பொருளுதவியும்

தமிழ்நாட்டின் நடுப்பகுதியில் ஒன்றையொன்று ஒட்டி அமைந்தவை பெரம்பலூர், அரியலூர் என்னும் இரு மாவட்டங்கள். முன்னாளில் இவ்விரண்டும் திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் பகுதிகளாய் இருந்தன. 1995ஆம் ஆண்டில் பெரம்பலூர் தனி மாவட்டமாயிற்று. 2007ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் அரியலூர் அதனினின்று பிரிந்து தனி மாவட்டமாக நிலைபெற்றது. மேற்கே பச்சைமலை, வடக்கே வெள்ளாறு, தெற்கே கொள்ளிடம். இடையே கரிசல் நிலம் பரந்து கிடக்கிறது. பருத்தியும் மக்காச்சோளமும் சின்ன வெங்காயமும் பெரம்பலூர்ப் பகுதியில் விளைகின்றன. அரியலூரின் மண்ணுக்கடியில் சுண்ணாம்புக்கல் மிகுதியாகக் கிடைக்கிறது. அங்குள்ள சிமெண்டு ஆலைகள் அதனையே நம்பி இயங்குகின்றன. இராசேந்திர சோழன் தலைநகராகக் கொண்ட கங்கைகொண்ட சோழபுரம் இம்மாவட்டத்தில்தான் உள்ளது.

மண்ணுக்கடியில் மறைந்து கிடக்கும் கல்லைத் தோண்டி எடுப்பதற்கு மக்கள் பெரும்பொருள் செலவிடுகின்றனர். செலவிட்ட பொருளினும் கிடைக்கும் பயன் பெரிது என்பதை அவர்கள் அறிவர். அங்ஙனமாயின், குழந்தைகளின் உள்ளத்தில் மறைந்து கிடக்கும் ஆற்றலை வெளிக்கொணர்வதற்கும் பொருள் செலவிட வேண்டும் அன்றோ? அந்த ஆற்றல் சில குழந்தைகளிடம் எளிதில் வெளிப்படும். வேறு சில குழந்தைகளிடம் வெளிப்படுவதற்குக் கூடுதலான முயற்சியும் கூடுதலான பொருளும் தேவைப்படும். கண் பார்வை இல்லாத சிறுவன், காது கேளாத சிறுமி, கால்கள் வலுவிழந்த குழந்தை, அறிவு வளர்ச்சி மெல்ல நிகழும் குழந்தை ஆகியோர் அத்தகையோர். இவர்களுக்கு ஏற்ற முறையில் கற்பிக்கும் கல்வியே சிறப்புக் கல்வி எனப்படும். அக்கல்விக்கு அரசு எவ்வாறு பொருள் வழங்குகிறது, அப்பொருள் சிற்றூரில் வாழும் குழந்தையை எவ்வாறு சென்றடைகிறது, இடையில் எங்கெங்குத் தடைப்படுகிறது என்பவற்றை இப்பாடத்தில் காண்போம்.

முற்காலத்தில் உடற்குறை உடையவர்களைக் காப்பது அறச்செயல் என்று கருதினர். சத்திரங்களிலும் கோயில் வாயில்களிலும் அவர்களுக்கு உணவு கிடைத்தது. ஆயின், கல்வி கிடைக்கவில்லை. உணவளிப்பது அறம் என்று உணர்ந்தோர்கூட, அவர்களுக்கு எழுத்தறிவிப்பதும் இயலும் என்பதை உணரவில்லை. பார்வையற்றவரும் படிக்கலாம் என்பதை உலகுக்குக் காட்டியவருள் தலைசிறந்தவர் பிரெஞ்சு நாட்டைச் சேர்ந்த லூயி பிரெய்லி. 1809ஆம் ஆண்டில் பிறந்த அவர், மூன்றாம் வயதில் கண்ணில் ஏற்பட்ட காயத்தால் பின்னர்ப் பார்வையை முற்றும் இழந்தார். ஆறு புள்ளிகளைப் பல்வேறு வகையாக அமைத்து 63 குறிகளை உண்டாக்கலாம் என்று கண்டு, விரல் நுனியால் தடவிப் படிக்கும் எழுத்துமுறையை 1829ஆம் ஆண்டில் வெளியிட்டார். இந்திய மொழிகள் அனைத்துக்கும் பொதுவான பாரதி பிரெய்லி முறை 1951ஆம் ஆண்டில் ஏற்றுக்கொள்ளப்பட்டது. இன்று தமிழ்நூல்களும் அம்முறையில் அச்சிடப்படுகின்றன.

இந்திய நாட்டில் பார்வையற்றோர்க்கான முதற்பள்ளி 1887ஆம் ஆண்டில் அமிர்தசரசில் தோன்றியது. தமிழகத்தில் பாளையங்கோட்டை இத்துறையில் வழிகாட்டியாய் விளங்கியது. ஆஸ்க்வித் அம்மையார் பார்வையற்ற சிறுவர்க்கும், ஃபிளாரன்ஸ் ஸ்வெயின்சன் அம்மையார் காது கேளாத சிறுவர்க்கும் அவ்வூரில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் பள்ளிகளைத் தொடங்கினர். பின்னர், 1931ஆம் ஆண்டில் பூந்தமல்லியில் பார்வையற்றோர்க்கான அரசுப் பள்ளி அமைந்தது. திருச்சிராப்பள்ளிப் புத்தூரில் பார்வையற்ற பெண்களுக்கென அரசு மேல்நிலைப்பள்ளி உள்ளது.

இப்பள்ளிகள் செய்த தொண்டு பெரிது. எனினும், இவற்றால் எல்லாக் குழந்தைகளுக்கும் கல்வி அளித்தல் இயலவில்லை. அரியலூர்ப் பக்கத்துச் சிற்றூரில் வாழும் உழவர் ஒருவர் தம் ஆறு வயதுக் குழந்தையைப் பாளையங்கோட்டைக்கோ பூந்தமல்லிக்கோ அனுப்பி, ஆண்டுக்கு இருமுறை மட்டுமே பார்க்க மனம் ஒப்புவாரா? ஒப்பினும் வழிச்செலவுக்கு என்ன செய்வார்? ஆகவே, தொலைவிலுள்ள சிறப்புப் பள்ளியில் சேர முடியாத குழந்தைகள் பலர் திண்ணையிலேயே வளர்ந்தனர். உடன்பிறந்தோர் புத்தகப் பை சுமந்து செல்வதைக் கண்டும், செல்லும் ஓசையைக் கேட்டும் அவர்கள் வீட்டிலேயே இருந்தனர்.

இந்நிலையை மாற்ற வேண்டுமாயின், குழந்தையைத் தொலைவிலுள்ள பள்ளிக்கு அனுப்புவதனினும், குழந்தையின் ஊரிலுள்ள பள்ளியையே அக்குழந்தைக்கு ஏற்றதாக்குவது நன்று என்னும் கருத்து வலுப்பெற்றது. 1964 முதல் 1966 வரை பணியாற்றிய கோத்தாரி கல்விக் குழு, இத்தகைய குழந்தைகள் இயன்றவரை பொதுப் பள்ளிகளிலேயே பிற குழந்தைகளோடு சேர்ந்து பயில வேண்டும் என்று பரிந்துரைத்தது. 1974ஆம் ஆண்டில் மத்திய அரசு இதற்கெனத் தனித் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. 1994ஆம் ஆண்டில் ஸ்பெயின் நாட்டின் சலமான்கா நகரில் 92 அரசுகளின் சார்பாளர்கள் கூடி, பொதுப் பள்ளிகள் எல்லாக் குழந்தைகளுக்கும் இடமளிக்க வேண்டும் என்று உறுதி கூறினர். 1995ஆம் ஆண்டில் இந்தியா இதற்குச் சட்டம் இயற்றியது. அதற்கு மாற்றாக 2016ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட விரிவான சட்டமே இன்று நடைமுறையில் உள்ளது. முன்னைய சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளையே குறிப்பிட்டது. புதிய சட்டம் 21 வகைகளைக் குறிப்பிடுகிறது. வரையறுத்த அளவு குறைபாடு உடைய குழந்தைகள் 6 வயது முதல் 18 வயது வரை கட்டணமின்றிக் கல்வி பெறும் உரிமையையும் அச்சட்டம் அளிக்கிறது.

காலப்போக்கில் இவர்களைக் குறிக்கும் சொற்களும் மாறின. முன்பு வழங்கிய சில சொற்கள் குறையையே பெயராகச் சூட்டின. இன்று தமிழ்நாட்டில் ‘மாற்றுத்திறனாளிகள்’ என்று வழங்குகிறோம். பெயர் மாறியது நன்றே. ஆனால், பெயர் மாறினால் மட்டும் போதுமா? மதிப்புள்ள சொல்லோடு மதிப்புள்ள செயலும் வேண்டும். செயலுக்குப் பொருள் வேண்டும்.

இங்கே ஒரு வினா எழலாம். ‘அரசுப் பள்ளியில் எல்லார்க்கும் கட்டணமின்றிக் கல்வி கிடைக்கிறதே, இவர்களுக்கு மட்டும் கூடுதலாகச் செலவிடுவது ஏன்? எல்லார்க்கும் ஒரே அளவாக வழங்குவதுதானே நடுவுநிலைமை?’ என்று சிலர் கேட்பர். இவ்வினாவுக்கு ஏரிப்பாசனம் நல்ல விடை கூறும். இராசேந்திர சோழன் தன் தலைநகரை அடுத்து வெட்டிய சோழகங்கம் என்னும் ஏரி இன்றும் பொன்னேரி என்னும் பெயரோடு விளங்குகிறது. ஏரியின் மடையைத் திறந்தால் பள்ளத்து வயலுக்கு நீர் தானே பாயும். மேட்டு வயலுக்கு அது தானே ஏறாது. ஏற்றம் வைத்து இறைக்க வேண்டும். இறைப்பதற்குக் கூலி செலவாகும். மேட்டு வயலுக்குச் சென்ற நீர் பள்ளத்து வயலுக்குச் சென்ற நீரினும் மிகுதி அன்று. இரண்டும் ஒரே அளவுதான். ஆயினும், அந்த ஒரே அளவு நீரைக் கொண்டுசேர்க்க மேட்டு வயலுக்குக் கூடுதல் செலவு ஆகிறது. அச்செலவைச் செய்யாமல், ‘இருவர்க்கும் ஒரே மடையைத்தான் திறந்தேன்’ என்று கூறுவது நடுவுநிலைமை ஆகாது. மேட்டு வயலின் பயிர் வாடும் என்பது திறக்கும்போதே தெரிந்த செய்தி அன்றோ?

கல்வியும் இத்தகையதே. கரும்பலகையில் எழுதிய பாடம் பார்வையுள்ள மாணவனுக்குத் தானே சென்று சேரும். பார்வையற்ற மாணவனுக்கு அப்பாடமே பிரெய்லி நூலாக மாற வேண்டும். தடித்த தாளில் புள்ளிகள் மேலெழும்பி நிற்குமாறு அச்சிடுவதால், சாதாரண நூல் ஒன்று பிரெய்லியில் பல தொகுதிகளாக விரியும். செலவும் அதற்கேற்பப் பெருகும். அவன் பெறுவது கூடுதலான பாடம் அன்று, அதே பாடம்தான். ஆகவே, அவனுக்காகச் செலவாகும் கூடுதல் பொருள் சலுகை அன்று. பாடத்தை அவனிடம் கொண்டுசேர்க்கும் ஏற்றக் கூலியே ஆகும்.

தமிழ்நாட்டு மக்களுக்கு இக்கருத்து புதியதன்று. காமராசர் முதலமைச்சராய் இருந்தபோது, கட்டணமில்லாப் பள்ளி இருந்தும் ஏழைக் குழந்தைகள் பலர் வரவில்லை. கட்டணத்தை நீக்கினால் மட்டும் போதாது. பசியையும் நீக்க வேண்டும் என்று அவர் உணர்ந்தார். 1956ஆம் ஆண்டில் மதிய உணவுத் திட்டம் மாநிலமெங்கும் பரவலாயிற்று. பசித்த குழந்தைக்குச் சோறும், நடக்க இயலாத குழந்தைக்குச் சக்கர நாற்காலியும் ஒரே அறத்தின் இரு வடிவங்களே. கல்வியை அடையவொட்டாமல் தடுக்கும் தடையைப் பொதுப்பொருளால் நீக்குவதே அவ்வறம்.

இனி, அப்பொருள் வரும் வழியைக் காண்போம். 2018ஆம் ஆண்டு முதல், முன்பு தனித்தனியாக நடைபெற்ற பல கல்வித் திட்டங்கள் ஒன்றாக இணைக்கப்பட்டு, ‘ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வி’ என்னும் பெயரால் நடைபெறுகின்றன. தமிழ்நாட்டைப் போன்ற மாநிலங்களில் இத்திட்டத்தின் செலவில் நூற்றுக்கு 60 பங்கை மத்திய அரசும் 40 பங்கை மாநில அரசும் ஏற்பது விதி. சிறப்புத் தேவையுடைய குழந்தை ஒன்றுக்கு ஆண்டுக்கு 3,500 ரூபாய் வரை ஒதுக்க இத்திட்டம் இடமளிக்கிறது. சிறப்புத் தேவையுடைய பெண் குழந்தைகளுக்குத் திங்கள்தோறும் 200 ரூபாய் வீதம் பத்துத் திங்களுக்கு ஊக்கத்தொகையும் உண்டு. பெண் குழந்தை என்றும் குறையுடைய குழந்தை என்றும் இருமடங்காகப் புறக்கணிக்கப்படும் சிறுமியரைப் பள்ளிக்கு வரவழைப்பதே அதன் நோக்கம்.

3,500 ரூபாயை ஆண்டின் நாள்களால் வகுத்தால் நாளொன்றுக்குப் பத்து ரூபாய்க்கும் குறைவாகவே வரும். இச்சிறு தொகையால் என்ன செய்ய முடியும் என்று தோன்றலாம். ஆனால், இத்தொகை தனித்தனிக் குழந்தையின் கையில் கொடுக்கப்படுவதன்று. எத்தனை குழந்தைகள் உள்ளனர் என்று கணக்கிட்டுத் தொகையைத் திரட்டி, பொதுவான பணிகளுக்குப் பயன்படுத்துவதே முறை. ஓர் ஒன்றியத்தில் இத்தகைய குழந்தைகள் 100 பேர் உள்ளனர் என்று வைத்துக்கொள்வோம். அவர்கள் பொருட்டு 3,50,000 ரூபாய் வரை கேட்க இயலும். அதே ஒன்றியத்தில் வீட்டுக்குள்ளேயே இருந்த வேறு பத்துக் குழந்தைகளும் கண்டறியப்பட்டால், மேலும் 35,000 ரூபாய் கேட்க இயலும். கண்டறியப்படாவிட்டால் அப்பத்துக் குழந்தைகளின் பொருட்டு ஒரு ரூபாயும் வாராது. இக்கணக்கை மாணவர்கள் நன்கு நினைவில் கொள்ள வேண்டும். எண்ணப்படாத குழந்தைக்கு ஒதுக்கீடு இல்லை.

ஆதலால், இத்திட்டத்தின் முதற்பணி பொருள் வழங்குவதன்று, குழந்தைகளைக் கண்டறிவதே. பெரம்பலூர் மாவட்டத்தில் பெரம்பலூர், வேப்பந்தட்டை, ஆலத்தூர், வேப்பூர் என நான்கு ஒன்றியங்கள் உள்ளன. அரியலூர் மாவட்டத்தில் அரியலூர், திருமானூர், செந்துறை, செயங்கொண்டம், ஆண்டிமடம், தா.பழூர் என ஆறு ஒன்றியங்கள் உள்ளன. ஒன்றியங்கள்தோறும் வட்டார வள மையம் என்னும் கல்வி அலுவலகம் செயற்படுகிறது. அங்குள்ள சிறப்புப் பயிற்றுநர்கள் ஊர்தோறும் சென்று குழந்தைகளைக் கண்டறிகின்றனர். பின்னர் மருத்துவ மதிப்பீட்டு முகாம்கள் நடைபெறுகின்றன. மருத்துவர்கள் குழந்தையை ஆய்ந்து, குறைபாட்டின் வகையையும் அளவையும் குறித்துச் சான்று அளிக்கின்றனர். நூற்றுக்கு 40 பங்கும் அதற்கு மேலும் குறைபாடு உண்டு என்று சான்று பெற்றோர்க்கே அரசின் உதவிகள் பல கிடைக்கின்றன.

ஓர் எடுத்துக்காட்டால் இதனை விளக்கலாம். ஆண்டிமடம் ஒன்றியத்துச் சிற்றூர் ஒன்றில் காது சரிவரக் கேளாத சிறுமி ஒருத்தி இருப்பதாகக் கொள்வோம். பேச்சைக் கேளாமையால் அவளுக்குப் பேச்சும் வரவில்லை. ‘ஊமைக் குழந்தைக்குப் படிப்பு எதற்கு?’ என்று அக்கம்பக்கத்தார் கூறுகின்றனர். சிறப்புப் பயிற்றுநர் அவளைக் கண்டு முகாமுக்கு அழைத்து வருகிறார். மருத்துவர் அவள் செவித்திறனை அளந்து பார்த்து, காதொலிக் கருவி அணிந்தால் ஓரளவு கேட்கும் என்கிறார். கருவி வழங்கப்படுகிறது. பயிற்றுநர் ஒலிகளை ஒவ்வொன்றாக அறிமுகம் செய்து பேச்சுப் பயிற்சி தருகிறார். வகுப்பாசிரியர் அவளை முன்வரிசையில் அமர்த்தி, அவள் தம் உதடுகளைக் காணுமாறு நின்று பேசுகிறார். அவள் பொதுத்தேர்வு எழுதும் காலம் வரும்போது, விதிகளின்படி கூடுதல் நேரமும் ஒரு மொழிப்பாடத்திலிருந்து விலக்கும் பெறலாம்.

இவ்வெடுத்துக்காட்டில் செலவு எங்கெங்கு நிகழ்கிறது என்று எண்ணிப் பாருங்கள். கருவி வாங்குவதோடு செலவு முடிந்துவிடுவதில்லை. கருவிக்கு மின்கலம் அடிக்கடி மாற்ற வேண்டும். பழுதுபட்டால் செப்பனிட வேண்டும். கால் வலுவிழந்த குழந்தைக்கு அணிவிக்கும் தாங்கியோ, குழந்தை வளர வளரச் சிறிதாகிவிடும். புதிதாகச் செய்து தர வேண்டும். உள்ளூர்ப் பள்ளியில் கட்டிய சாய்தளம் பல்லாண்டு நிற்கும். ஆனால், இயன்முறைப் பயிற்சி வாரந்தோறும் நடைபெற வேண்டும். ஒருமுறை நிகழும் செலவு சிறிது; தொடர்ந்து நிகழும் செலவே பெரிது. ஆகையால், விழா எடுத்துக் கருவி வழங்குவதனினும், அடுத்த ஆண்டும் அதற்கடுத்த ஆண்டும் தவறாமல் பொருள் ஒதுக்குவதே இன்றியமையாதது.

வழிச்செலவும் கருதத் தக்கது. பெரம்பலூர் நகருக்குப் புகைவண்டி நிலையம் இல்லை. பல சிற்றூர்களுக்குப் பேருந்தே ஊர்தி. அதுவும் குறிப்பிட்ட வேளைகளில்தான் வரும். பிற மாணவர் இரண்டு கல் தொலைவை நடந்து கடப்பர். ஊன்றுகோலோடு நடப்பவர் எவ்வாறு கடப்பர்? அதன் பொருட்டே போக்குவரத்துப் படியும், துணைக்கு வருவோர்க்குப் பாதுகாவலர் படியும் இத்திட்டத்தில் இடம்பெற்றுள்ளன. பிள்ளையைப் பள்ளிக்கு அழைத்துவரும் தாய் தன் நாட்கூலியை இழக்கிறாள் என்பதை நாம் மறத்தல் ஆகாது. படுக்கையை விட்டு எழ இயலாத குழந்தைகளுக்குப் பயிற்றுநரும் இயன்முறை மருத்துவரும் வீட்டுக்கே சென்று பயிற்சி தருகின்றனர். கடுமையான குறைபாடுடைய குழந்தை வீட்டிலிருந்தே கல்வி பெறும் உரிமையை, கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தில் 2012ஆம் ஆண்டில் செய்யப்பட்ட திருத்தம் உறுதிசெய்தது.

இத்துணை ஏற்பாடுகள் இருந்தும் குறைகள் இல்லாமல் இல்லை. முதற்குறை, பொருள் காலத்தில் வாராமை. இரண்டு அரசுகள் பங்கிட்டுக்கொள்ளும் செலவில், ஒரு பங்கு தடைப்பட்டாலும் பணி தளரும். 2024–25ஆம் ஆண்டில், மத்திய அரசின் வேறொரு பள்ளித் திட்டத்தில் சேர்வது பற்றி மத்திய, மாநில அரசுகளுக்கிடையே கருத்து வேற்றுமை எழுந்தது. அதன் விளைவாக, ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின்கீழ்த் தமிழ்நாட்டுக்கு வர வேண்டிய மத்தியப் பங்கு, 2,000 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட தொகை, வாராது நின்றது. 2025ஆம் ஆண்டில் மாநில அரசு உச்ச நீதிமன்றத்தை நாடியது. எப்பக்கம் நியாயம் என்று ஆராய்வது இப்பாடத்தின் நோக்கமன்று. ஆனால், ஓர் உண்மை தெளிவு: பெரியோர் வழக்காடும் காலத்திலும் குழந்தையின் வயது நிற்பதில்லை. ஆறு வயதில் தர வேண்டிய பேச்சுப் பயிற்சியைப் பத்து வயதில் தந்தால் அதே பயன் விளையாது.

இத்தகைய குறை நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. செல்வம் மிக்க அமெரிக்க ஐக்கிய நாடு 1975ஆம் ஆண்டில், மாற்றுத்திறன் குழந்தைகள் அனைவர்க்கும் பொதுப் பள்ளிகளில் கல்வி உண்டு என்று சட்டம் இயற்றியது. ஒரு மாணவர்க்கு ஆகும் சராசரிச் செலவில் நூற்றுக்கு 40 பங்கு வரை, அத்தகைய குழந்தை ஒவ்வொன்றின் பொருட்டும் நாட்டின் தலைமை அரசு வழங்கலாம் என்று அச்சட்டம் கூறியது. அரை நூற்றாண்டு கடந்தும் அந்த அளவை அவ்வரசு ஓராண்டும் எட்டவில்லை. எஞ்சிய செலவை மாநிலங்களும் ஊர்ப் பள்ளி அமைப்புகளுமே சுமக்கின்றன. சட்டத்தில் உரிமையை எழுதுவது ஒன்று. வரவு செலவுத் திட்டத்தில் அதற்கு இடமளிப்பது மற்றொன்று என்பதற்கு இது சான்றாகும்.

இரண்டாம் குறை ஆசிரியரைப் பற்றியது. பார்வையற்ற குழந்தைக்குக் கற்பிப்பதும், அறிவு வளர்ச்சி குன்றிய குழந்தைக்குக் கற்பிப்பதும் வெவ்வேறு பயிற்சி வேண்டும் கலைகள். இக்கலைகளைக் கற்ற பயிற்றுநர்கள் பலர் நிலையான பணி இன்றித் தொகுப்பூதியத்தில் பணியாற்றுகின்றனர். ஒருவரே பல பள்ளிகளுக்குச் செல்ல வேண்டியுள்ளமையால், ஒரு குழந்தைக்குக் கிடைக்கும் நேரம் சுருங்குகிறது. இதனைக் கருதி உச்ச நீதிமன்றம் 2021ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில், தொடக்க வகுப்புகளில் இத்தகைய மாணவர் 10 பேருக்கு ஓர் ஆசிரியரும், மேல்வகுப்புகளில் 15 பேருக்கு ஓர் ஆசிரியரும் வேண்டும் என்று கூறியது. 2025ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில், அதற்கேற்ற பணியிடங்களை எல்லா மாநிலங்களும் உருவாக்க வேண்டும் என்று மீண்டும் ஆணையிட்டது. சாய்தளமும் நாற்காலியும் கருவியும் கல்விக்குத் துணைகள். கல்வியைத் தருபவர் ஆசிரியரே. ஆகவே, சிறப்புக் கல்விக்கென ஒதுக்கும் பொருளில் தலையாய பங்கு ஆசிரியரைச் சாருதல் முறையாகும்.

மூன்றாம் குறை நம் இல்லங்களிலேயே உள்ளது. 2011ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கு, தமிழ்நாட்டில் ஏறத்தாழ 11 இலட்சத்து 80 ஆயிரம் மாற்றுத்திறனாளிகள் உள்ளனர் என்று கூறுகிறது. கணக்கெடுப்பவரிடம் மறைக்கப்பட்டோரை எந்தக் கணக்கும் கூற இயலாது. மூத்த மகளின் திருமணம் தடைப்படுமோ என்று அஞ்சி இளைய பிள்ளையின் குறையை மறைக்கும் பெற்றோர் உண்டு. விதி என்று கூறி வாளாவிருப்போரும் உண்டு. சான்று பெறுவதை இழிவாகக் கருதுவோரும் உளர். அவர்கள் அன்பில்லாதவர்கள் அல்லர், அச்சம் உடையவர்கள். ஆனால், அவர்களது அச்சத்தின் விலையைக் குழந்தை செலுத்துகிறது. முன்னர்க் கண்ட கணக்கை இங்கே மீண்டும் எண்ணுக. மறைக்கப்பட்ட குழந்தையின் பெயர் பட்டியலில் ஏறாது. பட்டியலில் ஏறாத பெயருக்குப் பொருள் ஏறாது.

இக்குறையைப் போக்குவதில் மாணவர்க்கும் பங்கு உண்டு. உங்கள் தெருவில் பள்ளிக்கு வாராமல் வீட்டில் இருக்கும் குழந்தை யாரேனும் உண்டா என்று எண்ணிப் பாருங்கள். உண்டாயின், தலைமையாசிரியரிடம் கூறுங்கள். அவர் வட்டார வள மையத்துக்குத் தெரிவிப்பார். உங்கள் வகுப்பில் அத்தகைய தோழர் இருப்பின், அவர்மீது இரக்கம் காட்டுவதனினும் தோழமை காட்டுவதே சிறந்தது. பார்வையற்றவருக்குப் பாடத்தைப் படித்துக் காட்டுங்கள்; காது கேளாதவருக்கு உங்கள் குறிப்பேட்டைக் கொடுங்கள்; மெல்லக் கற்பவரை எள்ளி நகையாடாதீர்கள். அவர்களிடமிருந்து நீங்கள் கற்பதற்கும் பல உண்டு. கேட்ட பாடத்தை நினைவில் நிறுத்தும் ஆற்றலைப் பார்வையற்ற தோழரிடம் காணலாம். ஒரு சொல்லுக்காகப் பன்முறை முயலும் பொறுமையைக் காது கேளாத தோழரிடம் காணலாம்.

பெற்றோர் பெரும்பான்மையினராய் அமைந்த பள்ளி மேலாண்மைக் குழு ஒவ்வோர் அரசுப் பள்ளியிலும் உள்ளது. ஊரார் கூடும் கிராம சபையும் உள்ளது. ‘நம் பள்ளியில் சாய்தளம் உள்ளதா? சக்கர நாற்காலி நுழையுமளவு கழிப்பறை வாயில் அகலமாய் உள்ளதா? பயிற்றுநர் இத்திங்களில் எத்தனை நாள் வந்தார்? போக்குவரத்துப் படி உரியவர்க்குக் கிடைத்ததா?’ என்று அங்கே கேட்கும் உரிமை மக்களுக்கு உண்டு. கேட்பார் இல்லாத இடத்தில் ஒதுக்கிய பொருளும் தேங்கிவிடும். இன்று மாணவராய் இருக்கும் நீங்கள் நாளை வாக்காளர் ஆவீர்கள். சிலர் ஆசிரியராகவும், அலுவலராகவும், மருத்துவராகவும் ஆவீர்கள். அப்போது இவ்வினாக்களை மறவாதீர்கள்.

அரசின் பொருள் என்பது மக்கள் அனைவரும் வரியாகச் செலுத்திய பொருள். மாற்றுத்திறன் குழந்தையின் தந்தையும் தாயும் தாம் வாங்கும் பொருள்கள் பலவற்றின் வழியே நாட்டின் கருவூலத்துக்குத் தம் பங்கைச் சேர்த்துள்ளனர். ஆகவே, அவர்கள் கேட்பது பிறர் பொருளை அன்று; தம் குழந்தையின் பங்கையே கேட்கின்றனர். அதனை அருளாகக் கருதாமல் கடனாகக் கருதிக் காலத்தில் கொடுப்பது அரசின் கடமை. கொடுத்த பொருள் குழந்தையைச் சென்று சேர்ந்ததா என்று பார்ப்பது மக்களின் கடமை. எந்தக் குழந்தையும் எண்ணப்படாமல் விடுபடாதவாறு காப்பது நம் அனைவர் கடமையும் ஆகும். இம்மூன்றும் ஒருங்கு நிகழும் ஊரில் மேட்டு வயலும் பள்ளத்து வயலும் ஒன்றுபோல் விளையும்.